‘நகராட்ச’ எங்கிருந்து வந்தது?

(அருப்புக்கோட்டையில், இணையதளம் கட்டக் கற்போரிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வேர்ட்பிரஸில் புதிய பதிவு ஒன்றைத் தொடங்கி, தலைப்பில் ‘அருப்புக்கோட்டை நகராட்சி’ என்று தட்டச்சு செய்து வெளியிட்டால், அதற்கான இணைய முகவரியை மென்பொருளே போட்டுக்கொடுக்கும். அந்த முகவரியின் கடைசித் துண்டு ‘அருப்புக்கோட்டை-நகராட்ச’ என்று முடிந்திருக்கும். தலைப்பில் ‘சி’ சரியாக இருக்கிறது. தட்டச்சு செய்தவரும் சரியாகத்தான் செய்தார். முகவரியில் மட்டும் ஓர் இகரக் குறி உதிர்ந்துவிட்டது.

இதை வேடிக்கை என்று தள்ளிவிட்டுப் போகலாம். ஆனால் ‘பக்கம் வரலை’, ‘லிங்க் போகலை’, ‘404 காட்டுது’ என்று வரும் புகார்கள் பலவற்றின் உள்ளே இதே சங்கதிதான் இருக்கிறது. பக்கம் அழிந்திருக்காது, சர்வரும் படுத்திருக்காது. முகவரி போகிற வழியில் எவர் கையிலோ மாறியிருக்கும். எந்தக் கையில் மாறியது என்று பிடிப்பதுதான் பழுது பார்ப்பவரின் வேலை. திரையில் தெரியும் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது பிடிபடாது. அடியில் ஓடும் பைட்டை எண்ண வேண்டும். இந்த உரை சொல்ல வருவது இவ்வளவே. மீதியெல்லாம் அதற்கான சாட்சி.

முதலில் அந்த இகரக் குறியை எண்ணிவிடலாம். ‘அருப்புக்கோட்டை’ என்பது கண்ணுக்கு எட்டு எழுத்து. யூனிகோடில் அது பதினைந்து குறியீடு. மெய்யின் புள்ளி தனி, உகரக் குறி தனி, ஓகாரக் குறி தனி என்று எண்ணினால் 15 வரும். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். ஆக 45 பைட். இணைய முகவரியின் பாதையில் ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் தவிர வேறெதுவும் அப்படியே பயணிக்க முடியாது. முகவரியின் இலக்கணத்தை வகுத்த ஆர்எஃப்சி 3986 என்ற 2005ஆம் ஆண்டு ஆவணம் சொல்கிறபடி, மற்ற பைட் ஒவ்வொன்றும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கங்களுமாக மாற வேண்டும். ஒரு பைட்டுக்கு மூன்று எழுத்து. ‘அருப்புக்கோட்டை’ என்ற ஊர்ப் பெயர் இப்போது 135 எழுத்து.

வேர்ட்பிரஸ் தன் தரவுத்தளத்தில் இந்தத் துண்டை வைக்கும் கட்டத்தின் அகலம் 200. ஊர்ப் பெயருக்கு 135, நடுக்கோட்டுக்கு 1, மீதி 64. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 9 இடம் என்றால் ஏழு குறியீடுதான் கொள்ளும். ‘நகராட்சி’யில் இருப்பது எட்டு. எட்டாவதாக வந்து வாசலிலேயே நின்றுவிட்டது அந்த இகரக் குறி.

இதோடு முடியவில்லை. அடுத்து ‘அருப்புக்கோட்டை நகராட்சி குடிநீர்’ என்று இன்னொரு பதிவு போட்டால், அதுவும் அதே இடத்தில் வெட்டுப்பட்டு அதே முகவரிக்கு வந்து நிற்கும். ஒரே முகவரி இரண்டுக்கு இருக்க முடியாது என்பதால் மென்பொருள் கடைசியில் ‘-2’ சேர்க்கும். அந்த ‘-2’க்கு இடம் வேண்டுமே! இன்னொரு குறியீட்டை வெட்டும். முடிவில் கிடைப்பது ‘அருப்புக்கோட்டை-நகராட்-2’. குடிநீர் பற்றிய பக்கம் என்று அந்த முகவரியைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. ஆங்கிலத் தலைப்புக்கு 200 எழுத்து தாராளம். தமிழில் 22 குறியீட்டோடு கதவு மூடிவிடுகிறது. பதிவை வெளியிடும் முன், முகவரியின் இந்தக் கடைசித் துண்டுக்கான ‘ஸ்லக்’ பெட்டியில் சுருக்கமான பெயர் ஒன்றைக் கையால் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. எழுதுகிறவர்கள் குறைவு.

முகவரி எத்தனை கை மாறுகிறது என்று பார்க்கலாம். உலாவி அதைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறது. தளப் பெயரை டிஎன்எஸ் ஐபி எண்ணாக்குகிறது. மீதியுள்ள பாதையை அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ வாங்கி, வட்டில் இந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் வேர்ட்பிரஸ், ஜாங்கோ, லாராவெல் என்று உள்ளே உட்கார்ந்திருக்கும் ஃபிரேம்வொர்க்கிடம் தள்ளுகிறது. அது தன் விதிப் பட்டியலை மேலிருந்து கீழாகப் புரட்டி, பொருந்தும் முதல் விதியைப் பிடித்து, தரவுத்தளத்தில் தேடுகிறது. நடுவில் கேஷ், சிடிஎன் என்று இன்னும் இரண்டு மூன்று இடைத்தரகர்கள் இருக்கலாம்.

விருதுநகர் மாவட்ட நிர்வாகத்தின் தளமே நல்ல உதாரணம். தேசியத் தகவலியல் மையம் அரசுத் தளங்களுக்கென்று கட்டிய எஸ்3வாஸ் என்ற பொது அமைப்பில் அது ஓடுகிறது. தமிழ்ப் பதிப்பு, தளப் பெயரை அடுத்து ‘டிஏ’ என்ற இரண்டெழுத்துத் துண்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஏற்றப்படும் படங்களும் பிடிஎஃப்களும் வேறொரு தளப் பெயரிலிருந்து, அதாவது அந்த அமைப்பின் சிடிஎன்னிலிருந்து வருகின்றன. ஆகவே பக்கம் வந்து படம் வராவிட்டால் தேட வேண்டிய இடம் ஒன்று. ஆங்கிலப் பக்கம் வந்து தமிழ்ப் பக்கம் வராவிட்டால் தேட வேண்டிய இடம் வேறு.

பழுது பார்க்க உட்காருகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘404’ என்று சொன்னது யார்?

இது கேலிக் கேள்வி அல்ல. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில், கீழே என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி என்ற பெயரோடு மொட்டையாக ஒரு பக்கம் வந்தால், பெரும்பாலும் வேண்டுகோள் ஃபிரேம்வொர்க்கை எட்டவே இல்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தளத்தின் சொந்த வண்ணத்தில், மெனு, சின்னம் எல்லாவற்றோடும் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று வந்தால் ஃபிரேம்வொர்க் வரை போய்விட்டது. விதியிலோ ஸ்லக்கிலோ கோளாறு. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல் விதிப் பட்டியலை இரவு முழுக்கத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவர்கள் திருத்திய கோப்பு ஒருமுறைகூட ஓடியிருக்காது.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. அது கொஞ்சம் நயவஞ்சகமானது. திரையில் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருக்கும். ஆனால் சர்வர் அனுப்பிய நிலை எண் 200, அதாவது ‘எல்லாம் நலம்’. மனிதருக்கு ஒன்று, தேடுபொறிக்கு இன்னொன்று. உலாவியின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தாலோ, கர்ல் கட்டளையால் தலைப்புகளை மட்டும் வாங்கிப் பார்த்தாலோ உண்மை எண் தெரிந்துவிடும். திரையைப் பார்த்து முடிவு செய்தால் தெரியாது.

வேர்ட்பிரஸில் முகப்பு வருகிறது, உள்ளே எதைத் தொட்டாலும் 404 என்றால் அநேகமாக அது வாசல் கோளாறு. அப்பாச்சியில் ஹெச்டிஅக்சஸ் கோப்பில்தான் ‘கோப்பு இல்லாத எல்லாவற்றையும் எங்களிடம் அனுப்பு’ என்ற விதி இருக்கும். அப்பாச்சி 2.4இல் அந்தக் கோப்பைப் படிக்கும் அனுமதி இயல்பாகவே மூடியிருக்கிறது. ‘அலவ்ஓவர்ரைடு’ என்ற அமைப்பைத் திறந்து, ரீரைட் தொகுதியை இயக்க வேண்டும். என்ஜின்எக்ஸுக்கு ஹெச்டிஅக்சஸ் என்றால் என்னவென்றே தெரியாது. அங்கே ‘டிரைஃபைல்ஸ்’ என்ற ஒற்றை வரி அந்த வேலையைச் செய்யும். பழைய சர்வரிலிருந்து தளத்தை மாற்றும்போது விட்டுப்போவது அந்த வரிதான். பெர்மாலிங்க் அமைப்புப் பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் ‘சேமி’யை அழுத்தினால் சரியாகிவிடும் என்று கேட்டவர்கள் அதை மந்திரம் என்று நினைப்பார்கள். மந்திரம் ஒன்றுமில்லை. சேமிக்கும்போது வேர்ட்பிரஸ் தன் விதிப் பட்டியலைப் புதிதாகக் கட்டுகிறது, முடிந்தால் ஹெச்டிஅக்சஸையும் திருப்பி எழுதுகிறது. வாசல் மூடியிருந்தால் ஆயிரம் முறை சேமித்தாலும் பயனில்லை.

கல்லூரி மாணவர்களின் புராஜெக்ட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் மூன்று கோளாறுகளை இங்கே சுருக்கமாகச் சொல்லலாம். ஒன்று, எக்ஸாம்ப். ஹெச்டிடாக்ஸ் அடைவுக்குள் ‘புராஜெக்ட்’ என்று ஓர் அடைவு போட்டுத் தளத்தைக் கட்டியிருப்பார்கள். ஸ்டைல் கோப்பின் முகவரியைச் சாய்கோட்டில் தொடங்கி எழுதியிருந்தால், உலாவி அதை ‘புராஜெக்ட்’ அடைவுக்குள் தேடாது. தளத்தின் வேரில் தேடும். நிறமே இல்லாமல் பக்கம் வந்து நிற்கும். இரண்டு, பெரிய எழுத்து சிறிய எழுத்து. விண்டோஸ் மடிக்கணினியில் கோப்புப் பெயரின் முதல் எழுத்து எப்படி இருந்தாலும் திறக்கும். லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் திறக்காது. தளப் பெயரில் இந்த வேறுபாடு இல்லை, பாதையில் உண்டு. மூன்று, ரியாக்ட் போன்றவற்றில் கட்டிய ஒற்றைப் பக்கத் தளம். உள்ளே சொடுக்கிப் போனால் எல்லாம் வரும். அதே பக்கத்தில் ரிஃப்ரெஷ் கொடுத்தால் 404. அந்தப் பாதைகள் உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்கு மட்டும் தெரிந்தவை, சர்வர் அவற்றைக் கேள்விப்பட்டதே இல்லை. தெரியாத பாதை எதுவானாலும் முகப்புக் கோப்பைக் கொடு என்று சர்வரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

கடைசிச் சாய்கோட்டுக்குத் தனியாக ஒரு பத்தி தேவை. நெசவாளர் சங்கம் ஒன்றுக்குத் தளம் கட்டுவதாக வைத்துக்கொள்ளலாம். ‘/சேலைகள்’ என்ற பக்கத்தில் ‘படம்1’ என்று மொட்டையாக ஒரு படத்தைக் குறிப்பிட்டால், உலாவி கடைசிச் சாய்கோட்டுக்குப் பின் உள்ளதை வெட்டிவிட்டு ஒட்டும். ‘சேலைகள்’ போய்விடும், கிடைப்பது ‘/படம்1’. அதே பக்கத்தின் முகவரி ‘/சேலைகள்/’ என்று சாய்கோட்டில் முடிந்திருந்தால் வெட்ட எதுவும் இல்லை, கிடைப்பது ‘/சேலைகள்/படம்1’. பக்கம் ஒன்றே, படம் மட்டும் ஒரு வாசகருக்குத் தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது. எங்கள் பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது என்று இருவரும் சத்தியம் செய்வார்கள். ஜாங்கோ, சாய்கோடு இல்லாமல் வந்தால் அதைச் சேர்த்துத் திருப்பி அனுப்பும் பழக்கம் உள்ளது. முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸில் வேறொருவர் சாய்கோட்டை நீக்கும் விதி எழுதியிருந்தால், இருவரும் மாறி மாறித் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். குரோம் இருபது முறை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கைவிடும்.

இதுவரை சொன்னது உலகத்துக்கெல்லாம் பொது. தமிழுக்கென்று தனிக் கோளாறுகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு இந்த மாவட்டத்தின் ஊர்ப் பெயர்களிலேயே உட்கார்ந்திருக்கின்றன.

‘அருப்புக்கோட்டை’யின் நடுவில் உள்ள ‘கோ’வைப் பாருங்கள். யூனிகோடில் ஓகாரக் குறிக்கு ஒரே குறியீடும் உண்டு. ஏகாரக் குறியையும் காலையும் அடுத்தடுத்து வைத்து இரண்டு குறியீடாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு தரமே சொல்கிறது. எழுத்துருவும் ஒரே வடிவத்தைத்தான் வரையும். பைட்டில் மட்டும் வேறு: ஒற்றைக் குறியீட்டில் 45, பிரித்து எழுதினால் 48. முகவரியில் 135க்குப் பதில் 144 எழுத்து. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைகளுக்கு இவை இரண்டும் இரண்டு ஊர்கள். ஒன்றின் பெயரில் கோப்பு வைத்து மற்றொன்றின் பெயரில் கேட்டால் 404 வரும். வேர்ட்பிரஸ் தமிழ் ஸ்லக்கைச் சதவீதக் குறி வடிவிலேயே சேமிப்பதால், அங்கே தரவுத்தளத்தின் எழுத்து ஒப்பீடுகூட உதவிக்கு வராது.

பிரித்து எழுதிய ‘கோ’ எங்கிருந்து வரும்? ஆப்பிள் மேக் கணினிகளின் பழைய கோப்பு முறையான ஹெச்எஃப்எஸ் பிளஸ், கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் வைத்திருந்தது. மேக்கில் பெயரிட்ட படத்தை லினக்ஸ் சர்வரில் ஏற்றினால் பிரிந்த ‘கோ’வும் கூடவே ஏறும். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது. கிட் மென்பொருளில் இந்தத் தொல்லைக்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. உலகெங்கும் உள்ள கொரியர், பிரெஞ்சுக்காரர் எல்லாரும் இதே கல்லில் இடறியவர்கள் என்பதால் மருந்து கிடைத்தது. மருந்தின் பெயர் என்எஃப்சி: பிரிந்ததைச் சேர்த்து ஒரே வடிவாக்கும் முறை. உள்ளே வரும் ஒவ்வொரு பாதையையும் கோப்புப் பெயரையும் அதில் ஒருமுறை ஓட்டிவிட்டால் ‘கோ’ ஒன்றாகிவிடும். தமிழ் விக்கிப்பீடியாவை ஓட்டும் மீடியாவிக்கி இதைத் தானாகவே செய்கிறது. அதனால் அங்கே எந்தக் ‘கோ’வில் தேடினாலும் ஒரே அருப்புக்கோட்டைதான்.

அடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூர். என்எஃப்சி கைகொடுக்காத இடம் இது. ‘ஸ்ரீ’ என்ற கூட்டெழுத்தை ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த, அதிகம் புழங்காத கிரந்த ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே ‘ஸ்ரீ’யாக வரைகின்றன. எந்த விசைப்பலகை எதைப் போடும் என்பது அதைச் செய்தவரின் விருப்பம். யூனிகோடின் கண்ணில் இவை சமம் அல்ல, வேறு வேறு எழுத்துகள். ஆகவே எந்தத் தானியங்கி முறையும் சேர்த்துவைக்காது. இங்கே வழி ஒன்றே: இரண்டு முகவரியையும் பதிந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ரீடைரக்ட் போடுவது. ‘திருவில்லிபுத்தூர்’ என்று எழுதுவோருக்காக மூன்றாவதும் போட்டுவிடலாம்.

மூன்றாவது கோளாறு ஜாங்கோவில் தமிழ்த் தளம் கட்டுபவர்களுக்கு. ‘ஸ்லக்கிஃபை’ என்ற செயல்பாட்டுக்குத் ‘திருச்சுழி’யைக் கொடுத்தால் வெற்றுச் சரம் திரும்பி வரும். ஆங்கிலம் அல்லாததைத் தூக்கியெறிவது அதன் இயல்பு. ‘யூனிகோடை அனுமதி’ என்று சொல்லிக் கொடுத்தால்? 2015 டிசம்பரில் வந்த 1.9 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. கிடைப்பது ‘தரசசழ’. அருப்புக்கோட்டை ‘அரபபககடட’ ஆகிவிடும். காரணம் எளிது: பைத்தான் மொழியின் வழக்கமான தேடல் விதி, எழுத்து என்றால் தனித்து நிற்கும் எழுத்தை மட்டுமே எழுத்தாக எண்ணுகிறது. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தல்ல. ஆகவே அள்ளிக் கொட்டிவிடுகிறது. சரி, ஸ்லக்கைக் கையாலேயே எழுதித் தரவுத்தளத்தில் ஏற்றினாலும் இன்னொரு வாசல் காத்திருக்கிறது. ஜாங்கோவின் விதிப் பட்டியலில் ‘ஸ்லக்’ என்ற வகை ஆங்கில எழுத்து, எண், நடுக்கோடு, அடிக்கோடு நான்கைத் தவிர எதையும் ஏற்காது. பதிவு இருக்கிறது, ஸ்லக் சரி, முகவரியும் சரி. விதியே பொருந்தாததால் 404. அந்த இடத்தில் ‘எஸ்டிஆர்’ வகையைப் போட்டால் திறந்துவிடும். இது குற்றம் சொல்வதற்காக அல்ல. ஜாங்கோ அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகர நாளிதழ் அலுவலகத்தில் பிறந்தது. அங்கே யாருக்கும் புள்ளி வைக்க வேண்டிய தேவை வரவில்லை. இங்கே வருகிறது, ஆகவே சரிபார்க்கும் பொறுப்பும் இங்கேதான்.

இவற்றையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? சர்வரின் அக்சஸ் லாகைத் திறக்க வேண்டும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் ஒரே மாதிரித் தொடங்கும். ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலியில் சொன்னால், முதல் பைட் ‘ஈ0’, இரண்டாவது ‘ஏஈ’ அல்லது ‘ஏஎஃப்’. ‘அ’ என்ற எழுத்து ‘%ஈ0 %ஏஈ %85’ என்று வரும். இந்த வரிசையைக் கண் பழகிக்கொண்டால் லாகில் தமிழ் எங்கே இருக்கிறது என்று தூரத்திலேயே தெரியும். தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏயும், வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக் குறியும் மாறி மாறி வந்தால், யுடிஎஃப்-8ஐ யாரோ பழைய ஐரோப்பிய எழுத்துக் குறியாக்கமாகப் படித்துவிட்டார்கள் என்று பொருள். ‘%25ஈ0’ என்று வந்தால், ஏற்கெனவே குறியாக்கம் செய்ததை இன்னொருவர் மறுபடியும் செய்திருக்கிறார். சதவீதக் குறியே 25 ஆகிவிட்டது. 135 எழுத்து முகவரி 225 ஆகியிருக்கும். பெரும்பாலும் ரீடைரக்ட் விதியிலோ, பகிர்வதற்கான பொத்தானிலோ நடக்கும் இரட்டை வேலை அது.

குறியாக்கத்தை யார் எப்போது அவிழ்ப்பது என்ற இந்தச் சின்ன விஷயம் உலகையே ஒருமுறை உலுக்கியது. 2021 செப்டம்பரில் வெளிவந்த அப்பாச்சி 2.4.49இல் பாதையைச் சீர்செய்யும் பகுதியை மாற்றினார்கள். மேலடைவுக்குப் போகும் இரட்டைப் புள்ளியை அது தடுத்தது. ஆனால் அந்தப் புள்ளிகளில் ஒன்றைச் சதவீதக் குறியாக எழுதினால் கோட்டைவிட்டது. சில அமைப்புகளில் தளத்துக்கு வெளியே உள்ள கோப்புகளை அந்நியர் படிக்க முடிந்தது. அக்டோபர் தொடக்கத்தில் அவசரமாக 2.4.50 வந்தது. இரட்டைக் குறியாக்கம் செய்து அதையும் தாண்டினார்கள். சில நாள்களிலேயே 2.4.51 வந்த பிறகுதான் ஓட்டை அடைபட்டது.

பெயர் மாறும்போது வரும் கோளாறு வேறு வகை. 1980இல் அருப்புக்கோட்டையில் பிறந்த ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். 1985இல் மாவட்டம் பிரிந்ததும் அவர் காமராசர் மாவட்டத்துக்காரர் ஆனார். 1997இல் தலைவர்களின் பெயர்கள் மாவட்டங்களிலிருந்து நீக்கப்பட்டபோது விருதுநகர் மாவட்டத்துக்காரர். வீடு நகரவே இல்லை. பழைய சான்றிதழை நீட்டினால் எந்த அலுவலகத்திலாவது ‘அப்படி ஒரு மாவட்டமே இல்லை’ என்பார்களா? இணையத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். மாவட்டத் தளங்களின் பெயர்களில் முன்பு, தேசியத் தகவலியல் மையத்தைக் குறிக்கும் ‘நிக்’குக்கு முன்னால் ‘டிஎன்’ என்று ஒரு துண்டு இருந்தது. பிறகு அது போய்விட்டது. பழைய முகவரியை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் அப்படியே நிற்கின்றன.

ஆங்கிலத்தில் ஸ்லக் வைத்தால் இந்தத் தலைவலி எதுவுமில்லை என்பாருக்குத் திருச்சுழியைத்தான் காட்ட வேண்டும். ரமண மகரிஷி 1879இல் பிறந்த ஊர் என்பதால் உலகமெங்கும் அந்தப் பெயர் எழுதப்படுகிறது. ‘தி’க்கு ஹெச் உண்டா இல்லையா, ‘ழி’க்கு ‘எல்’லா, ‘இசட்ஹெச்’சா என்று இரண்டு கேள்வி, நான்கு எழுத்துக்கூட்டல். நான்கும் புழக்கத்தில் இருக்கின்றன. போதாக்குறைக்கு, தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றித் தமிழக அரசு 2020 ஜூனில் அரசாணையை வெளியிட்டது. கோயம்புத்தூரும் வேலூரும் அடையாளம் தெரியாமல் மாறின. கேலியும் எதிர்ப்பும் கிளம்ப, சில நாள்களிலேயே அரசு அதைத் திரும்பப் பெற்றது. அந்தச் சில நாள்களுக்குள் எவராவது ஊர்ப் பெயரைப் பாதையில் வைத்திருந்த தளத்தை அரசாணைப்படி மாற்றி 301 ரீடைரக்ட் போட்டிருந்தால், மறுபடியும் திருப்பிப் போட வேண்டியிருந்திருக்கும். 301 என்றால் ‘நிரந்தரமாக மாறிவிட்டது’. உலாவிகள் அதை நம்பி நினைவில் வைத்துக்கொள்ளும். சர்வரில் விதியை எடுத்த பிறகும் பழைய வாசகரின் உலாவி தவறான இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் முதலில் தற்காலிகமான 302 போட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்றால் 301க்கு மாற்றுகிறார்கள்.

வேர்ட்பிரஸ் இதில் பாதி உதவி செய்யும். வெளியான பதிவின் ஸ்லக்கை மாற்றினால் பழையதை நினைவில் வைத்து, அதைத் தேடி வருவோரைப் புதிய இடத்துக்கு அனுப்பும். ஆனால் ‘பதிவு’ என்ற வகைக்குத்தான் இந்த நினைவு. ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் ‘பக்கம்’ என்ற வகைக்குக் கிடையாது. ‘எங்களைப் பற்றி’, ‘தொடர்புக்கு’ போன்றவை பெரும்பாலும் பக்கங்களே. அதிகம் பகிரப்படும் முகவரிகளும் அவையே.

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றில், மாறக்கூடிய எதையும் முகவரியில் வைக்காதீர்கள் என்று பட்டியலே போட்டார்: எழுதியவர் பெயர், பொருள் வகைப்பாடு, கோப்பின் பின்னொட்டு, எந்த மென்பொருள் ஓட்டுகிறது என்ற விவரம். பிஹெச்பி என்று முடியும் முகவரிகளை இன்றும் காகிதத்தில் அச்சிடுகிறவர்கள் அதைப் படித்திருக்க மாட்டார்கள்.

அவர் கட்டுரை வந்த அதே 1998இல், பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் தொடங்கி வைத்த மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. அப்போது யூனிகோடு தமிழில் பரவவில்லை. டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் ஏற்றினார்கள். பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண். கோப்பின் பெயரும் அந்த எண்ணைக் கொண்டே இருக்கும். குறியாக்கம் மாறியபோதும் எண் மாறவில்லை. 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டமும் ஆவணங்களை எண் வரிசையில், எண்ணிட்ட அடைவுகளில்தான் வைத்திருக்கிறது. நூலின் பெயரை ‘ஸ்ரீ’யில் எழுதினாலும் ‘சிறி’யில் எழுதினாலும் கோப்பு கிடைக்கும்.

எண்ணுக்கு ஒரு குறை உண்டு: பார்த்தால் என்னவென்று தெரியாது. அதற்கும் வழி இருக்கிறது. நிரலாளர்கள் கூடும் ஸ்டாக் ஓவர்ஃபுளோவில் ஒவ்வொரு கேள்வியின் முகவரியிலும் எண் ஒன்று, அதன் பின்னால் தலைப்பு ஒன்று. சர்வர் எண்ணை மட்டும் பார்த்துப் பக்கத்தை எடுக்கிறது. தலைப்பு பிழையாக வந்தால் சரியான தலைப்புள்ள முகவரிக்குத் திருப்பிவிடுகிறது. தமிழ்த் தளங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடைப்பது கடினம். பெயர் மனிதருக்கு, எண் சர்வருக்கு. ஒரே ஒரு எச்சரிக்கை: தரவுத்தளம் தானாகப் போட்டுக்கொடுக்கும் வரிசை எண்ணை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. வேர்ட்பிரஸிலிருந்து பதிவுகளை ஏற்றுமதி செய்து இன்னொரு தளத்தில் இறக்கும்போது, அந்த எண்ணில் அங்கே ஏற்கெனவே ஏதாவது இருந்தால் புதிதாக வேறு எண் விழும். முகவரிக்கென்று தனிக் கட்டம் ஒன்று போட்டு, எண்ணை அதில் எழுதி, ஏற்றுமதிக் கோப்பில் அந்தக் கட்டமும் சேர்ந்து வருகிறதா என்று தளத்தை மாற்றும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.